லா இல்லாத ஓக்கே

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இண்டர்காம் அடித்தது.

கீழே கேட்டிலிருந்து மணியம் அண்ணன். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஜாகா, காவல்காரர். சாதாரணமாக அவர் கூப்பிட்டால் பார்சல் வந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால், என் வீட்டுக்காரர் காடியை அடுத்தவர் பார்க்கிங்கில் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"டீச்சர்... ஒங்க வீட்டு டாக்டர் காடியிலயே ஒக்காந்திருக்காங்க."

"ட்யூட்டி முடிஞ்சி வந்திருப்பா அண்ணே. இப்ப மேல வந்துருவா."

"இல்ல டீச்சர். வந்து ரொம்ப நேரம் ஆச்சு. இஞ்சின் ஆஃப். ஆனா எறங்கல. நான் கை காட்டிப் பார்த்தேன்... அவங்க பாக்கவே இல்லலா."

கரண்டியைப் போட்டது போட்டபடி ஓடினேன். லிஃப்ட் வருவதற்குள் எத்தனை கெட்ட நினைப்பு! மயக்கமா? காய்ச்சலா? கடைசியில் இவளுக்கும் கோவிட் வந்துவிட்டதா? லிஃப்டில் ஏறிய பிறகுதான் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் வந்தது. அணைக்கவில்லை. அந்தத் தோசைக்கல்லை நான் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை.

வாணி யார் என்று புது வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. குழந்தைகள் டாக்டர். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் அவளுக்கு வீடு இருக்கிறது. போர்ட்டில் வேலை பார்க்கும் கணவர், முன்பல் விழுந்த மகள் யாழினி, டயாலிசிஸுக்குப் போய் வரும் மாமியார்... எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். வாணி மட்டும் எங்கள் வீட்டுப் பின்அறையில் இருக்கிறாள். கோவிட் வார்டில் வேலை பார்த்துவிட்டு அந்த மாமியார் இருக்கும் வீட்டுக்குள் எப்படிக் காலை வைப்பது? "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி" என்று ஒரு பையோடு வந்தாள். அந்தக் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டே போகிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கும் இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறதே டீச்சர், உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? தினமும் கதவுக் கைப்பிடிகளைத் துடைத்துத் துடைத்து அவற்றின் பெயிண்டே போய்விட்டது. ஆனால் கூடப் பிறந்தவளை வாசலில் நிறுத்த முடியுமா? வா என்றுதான் சொன்னோம்.

சரி, பார்க்கிங்குக்கு வருவோம்.

வாணி கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். மூக்கின்மேல் மாஸ்க் அழுத்திய தழும்பு சிவப்பாக இருந்தது. எதிரே வெறும் சுவர். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டியதும் திடுக்கிட்டு, கொஞ்சமாகக் கண்ணாடியை இறக்கினாள்.

"வாணி, ஓக்கேவா?"

"ஓக்கே."

"ஏம்மா இங்கயே ஒக்காந்துட்ட?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ஓக்கே."

இறங்கினாள். மேலே வந்தாள். குளித்தாள். பாதி இட்லி தின்றாள் (தோசை அவுட்). தூங்கப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு நிம்மதி. "அதான் ஓக்கேன்னு சொல்லிட்டாளே, நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுப் பத்திரிகையை விரித்தார்.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அவள் சொன்ன வார்த்தையால் இல்லை. சொல்லாத வார்த்தையால்.

லா எங்கே?

* * *

சிரிக்காதீர்கள். மலேசியாவில் பிறந்து வளர்ந்த நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது இந்த லா. வரேன்லா, இல்லலா, போதும்லா, சும்மா இருலா. திருச்சியில் இருக்கும் என் சொந்தக்காரப் பெண் வீடியோ காலில் கேலி பண்ணுவாள், "என்னக்கா, லா லான்னு பாட்டுப் பாடுறீங்க?" என்று.

நானும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள்தான். கட்டுரையில் எவனாவது லா போட்டால் சிவப்பு மையால் ஒரே வெட்டு. இலக்கணத்தில் அசைநிலை என்று ஒன்று உண்டு, ஞாபகம் இருக்கிறதா? தனக்கென்று பொருள் எதுவும் இல்லாமல், வாக்கியத்தில் சும்மா வந்து உட்கார்ந்துகொள்ளும் சொல். லாவும் அந்த ஜாதிதான், எடுத்துவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன்.

இப்போது எடுத்துவிட்டுப் பாருங்களேன்.

"ஓக்கேவா?" என்று கேட்கிறீர்கள். "ஓக்கே லா" என்று பதில் வருகிறது. அதற்கு என்ன அர்த்தம்? சமாளிக்கிறேன், நீ கவலைப்படாதே, உன்னோடு சிரிக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. அதே ஆள் வெறும் "ஓக்கே" என்று சொன்னால்? கதவைச் சாத்தியாச்சு, தட்டாதே.

வாணி சாதாரணமாக லாவை அள்ளி விடுகிறவள். சின்ன வயதில் அவள் அம்மாவிடம் அடி வாங்கும்போதுகூட "வலிக்குதுலா!" என்று கத்தியவள். அவளிடமிருந்து அந்த ஒற்றை எழுத்து எப்போது உதிர்ந்தது? அன்று முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஆஸ்பத்திரி எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்குத்தான் தலைவலி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். அங்கே குழந்தைகள் வார்டில் சுவர் நிறைய யானை, வாத்து, முயல் என்று வரைந்து வைத்திருப்பார்கள். இந்தத் தடவை கேஸ் ஏற ஆரம்பித்ததும், ஒரே நாளில் அந்த வார்டைப் பெரியவர்களுக்கான கோவிட் வார்டாக மாற்றிவிட்டார்கள். தொட்டில் கட்டில்கள் வெளியே, பெரிய கட்டில்கள் உள்ளே. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய டாக்டர்கள் மறுநாள் காலையில் பெரியவர்களைப் பார்க்க வேண்டும். யாரைக் குற்றம் சொல்வது? கட்டில் இல்லாமல் ஜனங்கள் ஆம்புலன்ஸில் காத்துக்கிடந்த நேரம் அது.

முதல் நாள் அவள் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். "அண்ணி, யானைக்குக் கீழ ஒரு லோரி டிரைவர் படுத்திருக்கார்லா. இந்த யானைக்குப் பேர் என்னான்னு என்கிட்ட கேக்குறார்!"

இன்னொரு கூத்தும் சொன்னாள். குழந்தைகளுக்கு எந்த மருந்து என்றாலும் எடை பார்த்துத்தான் கொடுப்பார்களாம். கை தானாக அப்படியே பழகிவிட்டது. பெரியவர்களுக்கான மருந்துகளில் பாதிக்கு எடையே தேவையில்லையாம். ஆனால் இவள் வாயைத் திறந்தாலே "எத்தனை கிலோ?" என்றுதான் வருகிறதாம். ஒரு பாட்டியம்மா, "ஏன் டாக்டர், என்னை விக்கப் போறீங்களா?" என்று கேட்டாராம். அன்றைக்கு நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு யானையைப் பற்றி அவள் பேசவில்லை. லோரி டிரைவர் எப்படியிருக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "வேற ஆள் வந்துட்டாங்க அண்ணி" என்றாள். அதற்குமேல் எப்படிக் கேட்பது?

அதன் பிறகு ஒவ்வொன்றாக மாறியது. ஒரு வாரம் வார்டு, அடுத்த வாரம் ஸ்வாப் எடுக்கும் கூடாரம், அப்புறம் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு இரவல், பிறகு மறுபடி அதே யானை வார்டு. கூட வேலை பார்ப்பவர்கள் தினம் மாறினார்கள். பிபிஇ உடுப்புக்குள் யார் யாரென்று தெரியாமல் முதுகில் மார்க்கர் பேனாவால் பேர் எழுதிக்கொண்டார்களாம். பழகிய நர்ஸ் இல்லை, பழகிய அறை இல்லை. மத்தியானம் சேர்ந்து பொட்டலம் கட்டிய தாப்பாவ் சோற்றைப் பிரித்துத் தின்னும் கும்பலும் இல்லை, தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும். வேலை மட்டும் மாறியிருந்தால் தாங்கியிருப்பாளோ என்னவோ. புலம்பிக்கொள்ளக் கூட இருந்த ஆட்களும் அல்லவா போய்விட்டார்கள்?

* * *

ஊரெல்லாம் டாக்டர்களை மெச்சிக்கொண்டிருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் அடுக்குமாடி நோட்டிஸ் போர்டில்கூட 'எங்கள் ஹீரோ இங்கே வசிக்கிறார்' என்று ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது யார் தெரியுமா? வாணி லிஃப்டுக்குள் நிற்பதைப் பார்த்தால், "நீங்க போங்க டாக்டர், நான் அடுத்ததுல வரேன்" என்று சுவரோடு ஒட்டிக்கொள்ளும் அதே பக்கத்து வீட்டு அம்மா. கோபம் வந்தது எனக்கு. ஆனால் அதே அம்மாதான் சாயங்காலம் எங்கள் கதவில் சூடாக பீசாங் கோரெங் பையை மாட்டிவிட்டுப் பெல் அடித்து ஓடுகிறார். வாழைக்காய்ப் பஜ்ஜி மாதிரிதான், வாழைப்பழத்தில் செய்வது, அந்த அம்மா பிரமாதமாகப் போடுவார். திட்டவும் முடியவில்லை, தின்னாமலும் இருக்க முடியவில்லை.

எங்கிருந்தோ ஒரு ஆன்லைன் உரைக்கு லிங்க் வந்தது. மருத்துவப் பணியாளர்கள் மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று. வாணிக்காக நானே உட்கார்ந்து பார்த்தேன், ஏனென்றால் அது நடந்த நேரத்தில் அவள் வார்டில் இருந்தாள். "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்... மெதுவாக வெளியே விடுங்கள்" என்றார் அதில் ஒருவர். அடப் பாவி மனுஷா, என்95 மாஸ்க்குக்குள்ளேயா?

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? நமக்கு ஒரு தும்மல் வந்தால் டாக்டரிடம் போய் மெடிக்கல் லீவுக்கு எம்சி வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்துக்கொள்கிறோம். தீபாவளிக்கு மறுநாள் இந்த நாட்டில் எத்தனை எம்சி! எல்லோருக்கும் எம்சி எழுதும் அந்தக் கைக்கு யார் எம்சி எழுதுவது?

வாணியிடம் இதைக் கேட்டேன், திங்கட்கிழமை. "எல்லாருக்கும் அதே கததான் அண்ணி. நான் எம்சி போட்டா என் ஷிஃப்டை யாராவது எடுக்கணும். அந்த யாராவதும் என்னய மாதிரிதானே?" என்றாள். நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

* * *

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். மத்தியானம் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, சாப்பாட்டு மேசையின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். மீன் குழம்பு. சோற்றைப் பிசைந்தாள், பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை. கீழே ரயில் போகிற சத்தம் கேட்டது.

போன் டிங் என்றது. ஒரு தடவை பார்த்தாள். இடதுகைக் கட்டைவிரலால் என்னவோ தட்டப் போனாள்.

"என்னா அது?"

"டாக்டர் ஆய்னி. நாளைக்கு ஆள் இல்லயாம். வரச் சொல்றாங்க."

டாக்டர் ஆய்னி அவளுடைய பிரிவுத் தலைவி. மலாய்க்காரர். கறார், ஆனால் நல்ல மாதிரி என்று வாணி முன்பு சொல்லியிருக்கிறாள்.

"நாளைக்கும் ஒனக்கு ஓய்வுதானே?"

"ஆமா." போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி. கடைசியில் 'கேன்?' என்ற கேள்வி, முடியுமா என்று. நம் நாட்டில் கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான். கேன்? கேன். முடிந்தது பேச்சு.

மேலே பழைய செய்திகளும் தெரிந்தன. அவர் 'கேன்?' இவள் 'கேன் லா'. அவர் 'கேன்?' இவள் 'கேன் லா, டோன்ட் வரி'. கொஞ்சம் கீழே வந்தால், அவர் 'கேன்?' இவள் 'கேன்'. அதற்குக் கீழே வெறும் கேன், கேன், கேன்.

இப்போதும் அதைத்தான் தட்டி வைத்திருந்தாள். அனுப்பவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, "வாணி, அதுகூட ஒரு லா போடு" என்றேன்.

"என்னா?"

"கேன் லான்னு போடு. அப்புறம் அனுப்பு."

"அண்ணி, வெளையாடாதீங்க."

"வெளையாடல. ஒரே ஒரு லா. போட்டுட்டு அனுப்பு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். கட்டைவிரல் மேலே போய் நின்றது. நின்றதுதான். அதற்குமேல் இறங்கவில்லை. உதடு துடித்தது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி, சோற்றுக் கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியாமல், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

"போட முடியல அண்ணி..."

நான் எழுந்து பக்கத்தில் போய்விட்டேன். இடைவெளியாவது ஒன்றாவது, போங்கள்.

அப்புறம்தான் எல்லாம் வந்தது.

"சனிக்கிழம ஒரு ஆன்டிக்கு மருந்து எழுதினேன் அண்ணி. பந்திங் ஊர்க்காரங்க. ஆக்சிஜன்ல இருந்தாங்க. எடை பார்த்துப் போடுற மருந்துதான். எத்தனை கிலோன்னு கேட்டேன். சொன்னாங்க. கொஞ்சம் தள்ளிப் போனதும் மறந்துட்டேன். திரும்பி வந்து கேட்டேன். சொன்னாங்க. மறுபடியும் போய்க் கேக்குறேன்... மூச்சு விடவே கஷ்டப்படுறாங்க, என் கையப் புடிச்சிக்கிட்டு, 'டாக்டர், நீங்க சாப்டீங்களா?'ன்னு கேட்டாங்க."

அவள் தட்டை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"அப்புறமும் தப்பாத்தான் எழுதியிருக்கேன். நர்ஸ் பார்த்துட்டு, 'டாக்டர், ஷுவர் ஆ?'ன்னு கேட்டாங்க. அதனால தப்பிச்சது. அவங்க அன்னிக்கு வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தா?" மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கெழம காடியில ஏன் ஒக்காந்திருந்தேன்னு கேட்டீங்கள்ல? எந்த மாடின்னு தெரியல அண்ணி. நம்ம வீடு எந்த மாடின்னு ஞாபகமே வரல. எந்த ரோட்டு வழியா வந்தேன்னும் தெரியல."

எந்த ரோட்டு வழியா வந்தேன் என்று தெரியவில்லையாம்! லோரி ஓடும் ஹைவே அது. பயத்தை அவளிடம் காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பாதி மேசையில் கொட்டியது.

பண்டமாரானில் ஒரு பிள்ளை வாராவாரம் தன்னை வாசலோடு பார்த்துவிட்டுப் போகும் வாணிக்கு, கிரில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது, அம்மா எப்போது வீட்டுக்குள் வருவாள் என்று. பந்திங்கில் ஒரு ஆன்டியின் வீட்டார் அவர் திரும்பி வருவாரா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில், சோறு தின்ன முடியாத என் நாத்தனார். அடுத்த தடவை அந்த நர்ஸ் கவனிக்கவில்லையென்றால்? இவளே ஹைவேயில் கண் அசந்துவிட்டால்?

"கேன்னாட்னு போடு" என்றேன்.

"முடியாது அண்ணி. யாருமே அப்படிப் போட மாட்டாங்க. நான் மட்டும் எப்படி?"

"சரி, மரியாதையா போடு. கேன்னாட் லா."

கண்ணில் தண்ணீரோடு சிரித்துவிட்டாள். சிரித்த அந்த ஒரு நொடியில்தான் விரல் இறங்கியது. இருந்ததை அழித்துவிட்டு, 'சாரி டாக்டர், கேன்னாட் லா' என்று தட்டினாள். அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தாள், ஏதோ சுடுவது மாதிரி.

இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எடுத்துப் பார்த்தாள். நீல டிக். படித்தாகிவிட்டது. பதில் இல்லை.

"கோவிச்சுக்கிட்டாங்க" என்றாள் வாணி.

"சும்மா இரு."

"என்னயப் பத்தி என்ன நெனப்பாங்க அண்ணி? போடாம இருந்திருக்கலாம்... நான் போறேன்னே சொல்லிடறேன்."

மறுபடியும் தட்டப் போனாள். எனக்கே ஆட்டம் கண்டுவிட்டது. நாம்தான் இவள் வேலைக்கு உலை வைத்துவிட்டோமோ? டாக்டர் வேலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? லாவைப் பிடித்துக்கொண்டு இப்படித் தொங்கியிருக்க வேண்டாமோ?

போன் அடித்தது. மெசேஜ் இல்லை, கால். டாக்டர் ஆய்னி. சோற்றுக் கை என்பதால் வாணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாணி ஆ?" என்றது ஒரு களைத்த குரல். "தேங்க் யூ லா."

வாணிக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அப்புறம் அவர் பாதி ஆங்கிலமும் பாதி மலாயுமாகச் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். வார்டில் எல்லோரும் கேன், கேன் என்றே சொல்கிறார்களாம். ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொன்னதில்லையாம். "எல்லாரும் கேன்னு சொன்னா, யாருக்கு நிஜமாவே முடியும், யார் விழப் போறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? தினமும் குருட்டுத்தனமா பேர் போட்டுக்கிட்டு இருக்கேன்." வாணி சனிக்கிழமை நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். திட்டு வரப் போகிறது என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐ ஆல்ஸோ கேன்னாட் லா, வாணி" என்றார் டாக்டர் ஆய்னி.

சொல்லிவிட்டு அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

* * *

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. புதன்கிழமை வாணியின் ஷிஃப்டை டாக்டர் ஆய்னியே எடுத்துக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது. இது என்ன தீர்வு? ஒரு தோளிலிருந்து இறக்கி, ஏற்கெனவே வலிக்கும் இன்னொரு தோளில் வைப்பது. ஆள் பற்றாக்குறை ஆள் பற்றாக்குறைதான். அதற்கு மேலே இருப்பவர்கள்தான் வழி பண்ண வேண்டும். என் பத்தியைப் படித்தா பண்ணப் போகிறார்கள்?

ஆனால் அந்த வார்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒன்று மாறியிருக்கிறது. டாக்டர் ஆய்னி இப்போது 'யாருக்குக் கேன்?' என்று கேட்பதில்லை. 'இன்றைக்கு யாருக்குக் கேன்னாட்?' என்று கேட்கிறார். முதல் கேன்னாட்டை அவரே போட்டாராம். அப்புறம் ஒன்று, இரண்டு என்று மெதுவாக வந்ததாம். ஒருத்தர் தன்னால் இன்றைக்குச் சாவுச் செய்தி சொல்லும் போன்கால் பண்ண முடியாது, மற்ற எதுவானாலும் செய்கிறேன் என்று எழுதியிருந்தாராம். அந்தப் போன்காலை வேறொருவர் எடுத்துக்கொண்டார். வேலை குறையவில்லை. யாரிடம் எது போகிறது என்பதில் கொஞ்சம் கண் திறந்திருக்கிறது.

குழந்தைகள் டாக்டர்களை இனித் தனியாக விடுவதில்லை. பெரியவர்களைப் பார்த்துப் பழகிய ஒரு டாக்டரோடு ஜோடி. ஷிஃப்ட் முடிந்ததும் ஜோடியின் முகத்தைப் பார்க்காமல் யாரும் காடிச் சாவியை எடுக்கக் கூடாது. கண் சொருகினால், பிள்ளைகள் விளையாடும் அறையாக இருந்த இடத்தில் மெத்தை போட்டிருக்கிறார்கள், படுத்து எழுந்துதான் போக வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்று வாணியிடம் எரிந்து விழுந்தேன். "யாரும் முடியாதுன்னு சொல்லவே இல்லையே அண்ணி" என்றாள்.

நாமும்தானே? எத்தனை பேரிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்கிறோம். "நல்லா இல்லை" என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நம்மிடம் ஏதாவது யோசனை உண்டா? இல்லை. அதனால்தான் அந்தப் பதில் வருவதில்லை. கேட்கிறவர் முகத்திலேயே 'ஓக்கே சொல்லிவிடு தாயே' என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

வியாழனுக்கும் ஓய்வு போட்டுக் கொடுத்தார்கள். வாணி புதனும் வியாழனும் தூங்கினாள். எழுந்தாள், தின்றாள், மறுபடி தூங்கினாள். யாழினியோடு வீடியோ காலில், பல் முளைத்துவிட்டதா என்று டார்ச் அடித்துக் காட்டச் சொன்னாள். நேற்று வெள்ளிக்கிழமை காலை வேலைக்குத் திரும்பினாள். பந்திங் ஆன்டி இன்னும் யானைக்குக் கீழேதான் இருக்கிறாராம், ஆக்சிஜன் கொஞ்சம் குறைத்திருக்கிறார்களாம். இவளைப் பார்த்ததும் அவர் கேட்டது என்ன தெரியுமா? "டாக்டர், இன்னிக்காவது பசியாறினீங்களா?"

எனக்குப் பயம் போய்விட்டதா? எங்கே போகிறது! இன்றும் அவள் காடி வெளியே போன சத்தம் கேட்டதிலிருந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

இன்று காலை அதற்குமேல் ஒன்று. என் வீட்டுக்காரர் இருமினார். ஒரு இருமல், இரண்டு இருமல். வெந்நீர் கொடுத்தேன். மறுபடி இருமினார். டெஸ்ட் கிட்டைப் பிரித்தேன். ஒரு கோடுதான் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். ஒரு கோடுதான். நாளைக்கும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவர் இருமிக்கொண்டே, "நீ பார்க்கிற பார்வையிலயே ரெண்டாவது கோடு வந்துரும்" என்கிறார்.

அந்த நேரம் பார்த்து வாணியிடமிருந்து மெசேஜ். 'அண்ணி, பிரேக்ல இருக்கேன். பசியாறிட்டேன். அண்ணே எப்படி? நீங்க ஓக்கேவா?'

வார்டில் இருக்கிற பிள்ளை. இப்போதுதான் எழுந்து நிற்கிறாள். அவளிடம் போய் இருமல், கோடு என்று சொல்லி ஏன் கலவரப்படுத்த வேண்டும்? நன்றாக மூச்சை இழுத்துவிட்டு (எனக்கு என்95 இல்லையே) தட்டினேன்.

'ஓக்கே.'

அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுந்தது. அடுப்படிக்குத் திரும்பக்கூட இல்லை, போன் அடித்தது. அந்தப் பக்கம் ஏதோ மெஷின்கள் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே அவள் குரல்.

"அண்ணி... லா எங்க?"